ஹிந்தகலை வளைவில்

பிலிமத்தலாவையில் துணிக்கடையில் நிற்பது சுதர்சினிக்குச் சம்பளத்துக்கான வேலை. சொந்தக்காரர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது சும்மா பார்க்கிற வேலை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையா, அடையாள அட்டை தொலைந்துவிட்டதா, “சுதாகிட்ட சொல்லு” என்பார்கள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரிசையில் நிற்கப் பொறுமையும் உண்டு. அப்படி நின்றுவிட்டு வருகிறவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் இதுவரை தோன்றியதில்லை.

அவளுடைய அப்பா பழனியாண்டி ஈரலில் கட்டியோடு கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. இங்க செத்தா வெட்டிருவாங்க.”

நோய் இன்னதென்று தெரிந்த ஆளை இங்கே பிரேதப் பரிசோதனைக்கு வெட்டமாட்டார்கள் என்று சுதர்சினி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், “ஒங்க மேல கத்தி பட விடமாட்டேன்ப்பா. அம்மா பக்கத்துலயே படுக்க வைக்கிறேன்,” என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அம்மா வீரம்மாவைப் புதைத்தது கலஹாவுக்கு மேலே, அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துச் சுடுகாட்டில்.

மலையகத் தோட்டங்களில் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கச் சொல்லித் துண்டு வெட்டி, அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் தன் வீட்டு வாசலில் போகட்டும் என்பதற்காக ஊரே செய்கிற காரியம் அது. வாசலுக்குப் போய்ச் சேரும்வரை உயிர் காத்திருக்குமா என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

மடவளை அஸீமின் வாடகை வேன், ஓட்டுவதும் அவரே. முன் இருக்கையில் அண்ணன் நிரஞ்சன். பின்னால் சுதர்சினி, மடியில் அப்பாவின் தலை. பேராதனை தாண்டி, ஹிந்தகலை வளைவில் அவருடைய மூச்சு நின்றது. அவள் அவருடைய இமைகளை மூடிவிட்டாள். பிறகு, “அப்பா போயிட்டாரு,” என்றாள்.

அஸீம் வேனை ஓரங்கட்டினார். நிரஞ்சன் அழுதான். அழுதபடியே கணக்கும் போட்டான்.

“வீட்டுல வந்துதான் போனாருன்னு சொல்லிருவோம். தோட்டத்து ஆபீஸுல மரணத் துண்டு எழுதிக் கொடுத்துருவாங்க. வழியில போனாருன்னு சொன்னா பொலிஸ், விசாரண, போஸ்ட்மோட்டம். நாளைக்கு எப்படி அடக்கம் பண்றது?”

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டிருந்தால் மரணத் துண்டு கைமேல் கிடைத்திருக்கும். கத்திக்குப் பயந்து வெளியே எடுத்து, இப்போது கத்திக்கு நேராகவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அஸீம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “தங்கச்சி, மவுத்தானவங்கள ஏத்திப் போக எனக்குப் பயமில்ல. பொலிஸ் நிப்பாட்டினா மட்டும் நான் என்னத்தச் சொல்ற?”

கையில் ஒரு துண்டும் இல்லாமல் உடலை ஏற்றிப் போகிறவர் அவர். மாட்டினால் முதலில் மாட்டுவதும் அவர்தான். பக்கத்துத் தோட்டத்தில் இப்படி ஒரு பொய் சொல்லிப் புதைத்த உடலை, யாரோ போட்ட பெட்டிஷனால் கோர்ட் உத்தரவோடு தோண்டி எடுத்தார்கள். அதுவும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நேரா பொலிஸுக்கு விடுங்க நானா,” என்று அஸீமை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

“ஒனக்கு எப்பவும் ஆபீஸ்தான் பெருசு!” என்று நிரஞ்சன் கத்தினான். அந்த வார்த்தை அவளைச் சுட்டது.

பொலிஸ் சொல்லி அனுப்பி, திடீர் மரண விசாரணை அதிகாரி குடையோடு வந்தார். வயதான சிங்களவர், நிதானமானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வேனுக்குள் ஏறி அப்பாவைப் பார்த்தார். ஆஸ்பத்திரி அட்டையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: “கடைசியாக ஏதாவது பேசினாரா?”

சுதர்சினி தயங்கினாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றான்.

“வந்துட்டமா என்று கேட்டார். வந்துட்டோம் அப்பா, நம்ம வாசலில்தான் நிற்கிறோம் என்று அவர் காதில் சொன்னேன். கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டார். திறந்திருக்கிறது என்றேன். அப்புறம் பேசவில்லை.”

“அப்போது வேன் எங்கே?”

“ஹிந்தகலை வளைவில், சார்.”

அதிகாரி பேனாவை எடுத்து எழுதி முடித்தார். பிறகு, நோய் தெளிவாகத் தெரிகிறது, வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, கொண்டுபோய் அடக்கம் செய்யலாம் என்றார். அவர் கையெழுத்துப் போட்ட தாளைச் சுதர்சினி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். எத்தனையோ ஆபீஸில் எத்தனையோ தாள் வாங்கிய கைதான்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஒப்பாரிக்கு நடுவே சித்தி அழகம்மா ஓடிவந்து, “வீட்டுக்கு வந்தப்புறமா உசுரு போச்சு?” என்று கேட்டாள்.

சுதர்சினி வாயெடுப்பதற்குள் நிரஞ்சன் முந்திக்கொண்டான்.

“ரோட்டுலதான் சித்தி. ஆனா அப்பாவுக்கு அது தெரியாது. வாசலுக்கு வந்தாச்சுன்னு நெனச்சுதான் போனாரு. தங்கச்சி அப்படித்தான் அவரக் கூட்டிட்டு வந்துச்சு.”

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தான். “உக்காரு சுதா. இனி நான் பாத்துக்கிறேன்,” என்றான். காலையிலிருந்து அழாமல் இருந்தவள் அதில் உட்கார்ந்ததும் வாய்விட்டு அழுதாள்.