பாசிக் கவிதை

எங்கள் ஊர்க் கவிதைக் கூட்டத்தில் ருவான் சிஹெங் வாய் திறக்கும்வரை யாரும் தன் கவிதை நன்றாக இருக்கிறது என்று நம்பியதில்லை. அரசுத் தேர்வுகளில் திரும்பத் திரும்பத் தோற்றவர். கால்வாய்க் கரையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஆனால் ஒரு கவிதையில் சுவை இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில் எங்கள் ஷாவோசிங் வட்டாரத்தில் அவருக்கு நிகர் இல்லை. உப்பு உப்பாகவும் புளிப்பு புளிப்பாகவும் நின்றுவிட்டால் அது வெறும் அடுக்களைச் சரக்கு, விழுங்கிய பிறகும் பெயர் தெரியாத ஒன்று நாக்கில் தங்க வேண்டும் என்பார். கவிதைக்கும் அதுதான். துக்கத்தைத் துக்கம் என்று சொல்லிவிட்டால் அங்கேயே தீர்ந்துபோகும்.

சந்தையில் இதற்காகவே அவரைச் சீண்டுவார்கள்.

"ருவான் ஐயா, என் மூங்கில் குருத்துக்கு என்ன தீர்ப்பு? சுவை மிஞ்சுதா, இல்ல உப்போட நின்னுடுச்சா?" என்பாள் ஊறுகாய்க்காரி.

"குருத்து பரவாயில்ல அக்கா. உங்க வாய்லதான் உப்பு ஜாஸ்தி."

அவருக்குக் கல்யாணம் ஆனதே ஒரு கவிதையால்தான். லூ குடும்பத்துப் பெரியவர் ஒருநாள் எழுதியவர் பெயர் சொல்லாமல் ஒரு தாளைக் கொடுத்தார். ருவான் அண்ணன் படித்தார், மறுபடி படித்தார், தேநீரை ஆறவிட்டார். "யார் எழுதினது இது?" என்று கேட்டார். பெரியவரின் மகள் வான்யி எழுதியது. அந்த வசந்தத்திலேயே தரகர் வந்து போனார்.

நான் அவர்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவன். கூட்டத்தில் நானும் ஒருவன், சுமாராக எழுதுபவன். வான்யி அண்ணி அடுப்படியிலிருந்து ஒரு வரி சொல்வதும், இவர் முற்றத்திலிருந்து "புளிப்பு!" என்று கத்துவதும், அவள் "உங்க மூஞ்சிதான் புளிப்பு" என்று திருப்பிக் கொடுப்பதும் என் கடைவரை கேட்கும். அவர்களுக்கு ஆலின் என்று ஒரே பையன். ஓயாமல் ஓடுகிற பிள்ளை.

பிளம் காய் பழுக்கும் மழைக்காலத்தில் ஆலினுக்குக் காய்ச்சல் கண்டது. நான்தான் மருந்து கொடுத்தேன். வைத்தியரும் வந்தார். மழை விடுவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

இலையுதிர் காலக் கூட்டம், பணி ஓய்வு பெற்ற அதிகாரி பாங் பெரியவர் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. பெண்கள் வழக்கம்போல உள்ளறையில், மரச் சட்டத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ருவான் அண்ணன் நான்கே வரி வாசித்தார். மழை விட்டதைப் பற்றியது. வாசற்படியில் இந்த வருடம் பாசி ஒரு காலடிக் கீறல்கூட இல்லாமல் வளர்ந்திருக்கிறது என்று முடிந்தது. பிள்ளை என்ற சொல் இல்லை, சாவு என்ற சொல் இல்லை. பாங் பெரியவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்யா சுவை. இத்தனை வருஷமா நீ சொன்னது இப்பதான் எனக்குப் புரியுது" என்றார். எல்லாரும் எழுந்து நின்றோம். ருவான் அண்ணன் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போனதைப் பார்த்தேன்.

அடுத்து உள்ளறையிலிருந்து பெயரில்லாத ஒரு தாள் வந்தது. பாங் பெரியவர் வாசித்தார். ஆலின், ஆலின் என்று வரிக்கு வரி பெயர். காய்ச்சலில் கொதிக்கும் விரல் என் கட்டைவிரலைப் பிடித்திருந்தது, விடாதே, விடாதே என்று நீண்டது. யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பாங் பெரியவர் அத்தோடு தாளைக் கீழே வைத்திருக்கலாம். பழக்க தோஷத்தில், "சொல்லு ருவான்" என்றார்.

மனைவியின் எழுத்து என்பதற்காகப் பொய் சொன்னால் அவளை அவமதித்ததாகும் என்று ருவான் அண்ணன் நினைத்திருக்க வேண்டும். "உப்பு இருக்கு. உப்பு மட்டும்தான்" என்றார்.

திரைக்குப் பின்னால் யாரோ பீங்கான் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்கள்.

திரும்பும்போது அவர்கள் இருவரும் நானும் ஒரே படகில் வந்தோம். கூரை தாழ்ந்த படகு. முழங்கால் முட்ட உட்கார வேண்டும். வான்யி அண்ணி வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்ம வாசல்ல பாசி எங்க இருக்கு?"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"புள்ள வழுக்கி விழுந்துடுவான்னு தினமும் தேய்ச்சுக் கழுவுவேன். இப்பவும்தான் கழுவுறேன். இன்னிக்கிக் காலைலகூடக் கழுவினேன். பாசியே கிடையாது."

"கவிதைக்கு வேணும்னு..."

"தெரியும். கவிதைக்குத்தான்." கொஞ்சம் பொறுத்து, "எழுதி முடிச்சதும் நல்லா வந்திருக்குன்னு தோணிச்சா உங்களுக்கு?" என்றாள்.

அவர் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"தோணிச்சு" என்றார்.

"ம்" என்றாள்.

அதன் பிறகு அவள் அவரோடு சண்டை போட்டதில்லை. சோறு வடித்தாள், துணி தைத்தாள், விருந்தாளிகளுக்கு மது சூடாக்கினாள். அடுப்படியிலிருந்து வரி மட்டும் வரவில்லை. அவராகவே ஏதாவது ஒரு வரி சொல்லிப் பார்ப்பார். "நல்லாருக்கு" என்பாள், அவ்வளவுதான்.

பாசிக் கவிதை ஊர் ஊராகப் போயிற்று. விசிறியில் எழுதி விற்றார்கள். ஒருநாள் நானும் அண்ணியும் படகுத்துறையில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவன் அந்த விசிறியால் கொசு விரட்டிக்கொண்டிருந்தான். அவள் எழுத்தைப் படித்துவிட்டு, "காத்து வருதாங்க?" என்று கேட்டாள். "சுமாரா வருதும்மா" என்றான் அவன்.

சில வருடங்களில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வரத் தொடங்கியது. என் கடை மருந்து எதற்கும் அது நிற்கவில்லை. கஷாயத்தோடு நான் போன ஒரு மத்தியானம், ருவான் அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு உன் கவிதையப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றார்.

"தப்பெல்லாம் இல்லீங்க." இருமல் அடங்கும்வரை காத்திருந்து பேசினாள். "சரியாத்தான் சொன்னீங்க. அதுல சுவை இல்ல. சுவைக்காக எழுதலையே. அவனக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். யாராவது கூடச் சேந்து கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்து, "தம்பி, கஷாயத்த அங்க வைங்க, ஆறட்டும்" என்றாள். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு பாங் பெரியவர் ஆளனுப்பாமல் தானே வந்தார். வான்யிக்கு ஓர் இரங்கற்பா எழுத வேண்டும், உன்னைத் தவிர யாரால் முடியும் என்றார். ருவான் அண்ணன் கைகூப்பி மறுத்தார்.

"வரி வரலியா?" என்று கேட்டார் பெரியவர்.

"நல்லா வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு" என்றார் ருவான் அண்ணன்.

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், நெடுநாள் இருந்து கிழவரானார். யாராவது கவிதையைக் கொண்டுவந்து நீட்டினால் முழுவதும் படிப்பார். தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "இதுல வர்றவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். வந்தவர்கள் குழம்பிப்போய் என் கடைக்கு வந்து, கிழவருக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்பார்கள். சிலர் மட்டும் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுக் கண் சிவந்து வருவார்கள்.

போன வருடம் வசந்தம் தொடங்கும்போது அவர் தூக்கத்திலேயே இறந்தார். கூட்டத்தார் ஆளுக்கொரு கவிதை எழுதிக்கொண்டு புதைகுழிக்கு வந்தார்கள். நானும் எழுதியிருந்தேன். ஒவ்வொருவராக வாசித்து, அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று தாளை நெருப்பில் போட்டோம். சில நன்றாக இருந்தன, சில அழுகையாகவே இருந்தன. எது நன்றாக இருந்தது என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் அடங்கியதும் படகுத்துறைக்கு நடந்தோம்.