பால்மா டின்னுக்குள் என் கருவாட்டு வாடி

கச்சான் காற்று தொடங்குமுன் எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. போன கச்சானில் கடல் ஏறி, என் கருவாட்டு வாடியில் மீன் காயப்போடும் முன்வரிசைத் தட்டிகளை மணலோடு தோண்டிக்கொண்டு போனது. மிச்சம் இந்த வருடம் போகும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போகட்டும். ஆனால் வாடி எனது, நான் கட்டியது. அதன் நடுவில் நான் இருக்கிற படம் ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். மகன் தன் போனில் நிறைய எடுத்து வைத்திருந்தான். அந்தப் போன் வள்ளத்திலிருந்து கடலில் விழுந்தது. படங்களும் அதோடு போயின.

மருமகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். பால்மா டின்னில் படம் எடுக்கலாம் என்று எங்கேயோ பழகிக்கொண்டு வந்தாள். டின்னின் உட்புறம் கறுப்புப் பூசினோம். பக்கத்தில் ஓட்டை வெட்டி, சோடா டின்னின் மெல்லிய தகட்டை அதன்மேல் ஒட்டினோம். அந்தத் தகட்டில் ஊசித்துளை போட்டவள் நான். அவள் கை நடுங்கியது. என் கை நடுங்காது. துளையின்மேல் ஒட்டிய கறுப்பு டேப்தான் கதவு. உள்ளே வைக்கும் படத்தாளை, புத்தளத்தில் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவில் வாங்கி வந்திருந்தாள். கொஞ்சத் தாள்தான்.

டேப்பை உரித்து எவ்வளவு நேரம் விடுவது? செபமாலையில் ஒரு பத்து சொல்லி முடியும்வரை என்றேன் நான். காலை வெளிச்சத்துக்கு அது சரியாக வந்தது. மருமகள் டின்னை மீன்பெட்டியின் மேல் வைத்து, பக்கத்தில் நின்று செபம் சொல்லுவாள். நான் தட்டிகளுக்கு நடுவே கதிரையில் இருப்பேன்.

குளியலறையை இருட்டாக்கி, சிவப்புத் துணி சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டாள். தட்டித் தடிகள் வந்தன. பிளந்து காயப்போட்ட கட்டாமீன் வந்தது. கதிரையும் வந்தது.

"மாமி, கதிரை இருக்கு, ஆளைக் காணல்லயே. எங்க போனீங்க?"

"எங்கயும் போகல்ல. காகத்தைக் கலைச்சன்."

"எத்தினை தரம்?"

"அது வந்த அத்தினை தரமும்."

டின் மெதுவாகத்தான் பார்க்குமாம். அசையாமல் நிற்பதைப் பிடிக்கும், ஓடித் திரிவதை விட்டுவிடும். அடுத்த முறை அசையக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். காகம் வந்தது, கால் எழும்பிவிட்டது. அந்தத் தாளில் கதிரைமேல் புகை மாதிரிக் கொஞ்சம் மட்டும் விழுந்திருந்தது.

மகன் பார்த்துச் சிரித்தான். "அம்மா, காகத்தைக் கதிரையில இருத்தி எடுங்க. அதுக்கு உங்களை விடப் பொறுமை."

"உன்ட போனை விட இந்த டின் திறம். தண்ணிக்குள்ள பாயாது," என்றேன்.

அதற்குப் பிறகு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. உப்புப் போடும்போதும் மீன் புரட்டும்போதும் கடலையே பார்த்தேன். அலை தட்டிக் கால்களை நக்கத் தொடங்கியிருந்தது. கடைசித் தாள் வந்தபோது மருமகள் கேட்டாள்:

"வலை போட்டு மூடுவமா மாமி? காகம் கிட்ட வராது."

"மூடினா வலைதான் படத்துல விழும். கட்டா தெரியணும். நீ செபத்தைச் சொல்லு."

டேப்பை உரித்தாள். காகம் வந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்துத் தட்டியில் இருந்துகொண்டு, நல்ல தடித்த கட்டா ஒன்றைக் கொத்தியது. இன்னொன்றும் வந்தது. மருமகள் என்னைப் பார்த்துப் பார்த்துச் செபத்தை இழுத்தாள். கெதியாச் சொல்லடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாய் அசைந்தால் முகம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டேப்பை ஒட்டிய பிறகுதான் தடியோடு பாய்ந்தேன். கட்டாவில் பாதி இல்லை.

தாளில் எல்லாம் நெகட்டிவ் போல மாறி, மணல் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் வந்தன.

"மாமிக்கு நரை போயிட்டு!" என்று கத்தினாள்.

ஓம், நான் இருந்தேன். முகம், சீலை மடிப்பு, கால் எல்லாம் இருந்தன. வலது கையை மட்டும் முழங்கைக்குக் கீழே காணவில்லை.

"மடியிலதானே வச்சிருந்தன்."

"கை எழும்பி எழும்பிப் போனதை நான் கண்டனே மாமி."

"கண்டா சொல்லக் கூடாதா?"

"செபத்தை இடையில நிப்பாட்டவா?"

வேறு தாள் தேடுவோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படத்தை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டினால், கை எங்கே என்று கேட்கிறார்கள். வேலையில் இருக்கிறது என்று சொல்லுவேன்.

கச்சான் தொடங்கிவிட்டது. நேற்று ஒரு தட்டி சாய்ந்தது. நிற்கிற தட்டிகளில் இன்றைக்கும் கட்டா காய்கிறது. இதை எழுதும்போதே ஒரு காகம் வந்து இருந்துவிட்டது. எழும்ப வேண்டும்.