காட்டெருமைக்கு அப்பால் எம்மெட்

அமெரிக்காவில் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த யெல்லோஸ்டோன் பூங்காவில் சுற்றுலாப் பேருந்து ஓட்டும் வெர்லா ஸ்கோகனுக்குப் பயணிகளை அதட்டக் கூச்சமே கிடையாது. "பலகைப் பாதைய விட்டு எறங்கினா வெந்து போயிருவீங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

அவள் கணவர் எம்மெட் மட்டும் அந்தப் பேருந்தில் ஏறியதே இல்லை. பக்கத்து ஊரான கார்டினரில் லாரிப் பட்டறை வைத்திருந்தவருக்குக் கோடையில் மூச்சுவிட நேரமிருக்காது. பிறகு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து, பட்டறையும் கைமாறியது. அந்த அக்டோபரில், குளிர்காலத்துக்காகப் பூங்கா விடுதிகளை மூடுமுன் ஊழியர் குடும்பங்களுக்காக விட்ட கடைசிச் சவாரியில் அவர் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். விடுதிச் சமையல்காரனான எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன எம்மெட், பொண்டாட்டி வண்டி ஓட்டுறாளான்னு சோதிக்க வந்தீங்களா?"

"ஓசியில கூட்டிட்டுப் போறாங்களாம்ல," என்றார்.

வெந்நீர்க் குளங்களருகே இறங்கினோம். குளிருக்கு ஆவி மண்டிக் கிடந்தது. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரும் பேருந்துக்குத் திரும்பினோம். எம்மெட்டைக் காணோம்.

வெர்லா பாதையில் திரும்ப ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பச்சைக் குளத்தருகே, பலகைக்கு வெளியே வெள்ளைத் தரையில், எம்மெட்டின் சிவப்புக் கம்பளித் தொப்பி கிடந்தது. முட்டை ஓடு மாதிரித் தரை அது. அடியில் கொதிநீர்.

வெர்லா பலகை விளிம்பில் மண்டியிட்டுக் குளத்துக்குள் பார்த்தாள். பிறகு, "எம்மெட்! எம்மெட்!" என்று அலறினாள்.

"கத்தாதடி!" ஆவிக்குள்ளிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது. "அதுக்குக் கோவம் வந்துரப் போவுது."

காற்று திரும்பியது. பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி, எம்மெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெர்லா பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தொப்பிய எடுக்க எறங்கிட்டியோன்னு நெனச்சேன், கிழவா!"

"அது காத்துல பறந்துருச்சு. உன் புருஷன் முட்டாள்தான். அவ்ளோ முட்டாள் இல்ல."

எருமைக்கு அவசரமில்லை. நாங்கள் பின்வாங்கிக் காத்திருந்தோம். கடைசியில் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு புல்வெளிப் பக்கம் இறங்கிப் போனது. எம்மெட் மெல்ல நடந்து வந்தார். வெர்லா அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"ஓடுது, ஓடுது," என்றார் அவர். "நீ போட்ட சத்தத்துலதான் நின்னுருக்கும்."

திரும்பும் வழியெல்லாம் எம்மெட் எருமையைப் பற்றியே பேசினார். அதன் நாற்றம், கண்ணிமையில் படிந்திருந்த பனி, மூச்சுவிட்ட சத்தம். வண்டி ஓட்டும்போது பக்கத்தில் யார் பேசினாலும் வெர்லாவுக்குப் பிடிக்காது.

அன்றைக்கு, "மூச்சு எப்படி விட்டுச்சு? இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.