வளைவில் நின்றுபோன சாமை

இன்று மலையேறும் பஸ்ஸில் சாமையின் கடைசிப் பந்தயம்.

சாமை, என் மொபைல் கேமில் ஓடுகிற பெண். பேரும் நான் வைத்ததுதான், சிவப்பு ரிப்பனும் நான் கட்டியதுதான். வாரக்கணக்கில் ஓடப் பழக்கி, களைத்தால் தூங்கவைத்து வளர்த்திருக்கிறேன்.

ஒடுகத்தூரில் புளி விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பேரு இந்தப் பொண்ணுக்கு?"

"சாமைங்க."

"எங்க கொல்லையில வெளையுதே, அதுவா?" என்று சிரித்தவர், பிறகு திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முன்சீட்டுகளில் எல்லாரும், "டவர் போவப் போவுது, வெச்சிடறேன்" என்று பேச்சை முடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் போய்விடும் அந்த மலை வளைவுக்கு முன்னால் தினமும் அப்படித்தான். எனக்கும் தெரியும். ஆனாலும் பந்தயத்தைத் தொடங்கிவிட்டேன்.

கடைசி நேர்பாதையில் சாமை எல்லாரையும் முந்தினாள். "வுடாத, வுடாத" என்றார் அக்கா.

பஸ் வளைந்தது. சாமையின் ஒரு கால் தரையில் படாமலே திரை நின்றுபோனது. ஜன்னலுக்கு வெளியே பனி மூடியிருந்தது. மிச்சத் தூரத்தை அவள் அந்தப் பனிக்குள் ஓடிக்கொண்டிருப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது அக்கா சொன்னார்: "நாளைக்கும் இதே பஸ்ஸுதான் வர்றேன். ஜெயிச்சிச்சான்னு சொல்லணும்."

இப்போது சிக்னல் நன்றாக இருக்கிறது. இந்தப் பதிவே சாட்சி. கேமை மட்டும் இன்னும் திறக்கவில்லை. திறக்காதவரை சாமைதான் முதலில்.

இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்று சொன்னால் அக்கா நம்புவாரா?