நாத்தனார்களை ஏற்றி டயர் பார்த்தோம்

எங்கள் பழைய மினி காருக்கு அகலமான ரிம்மும் டயரும் போட்டதும் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. காலி வண்டியில் பினாங்கையே சுற்றினோம். ஒரு குறையும் இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், ரதத்துக்கு முன் உடைக்கும் தேங்காய் மூட்டைகளையும் என் நாத்தனார்கள் இருவரையும் பின்னால் ஏற்றினோம். முதல் வளைவிலேயே ரப்பர் தீயும் வாடை! பின் டயர் மட்கார்டில் உரசி, ஓரம் கிழியும் நிலையில் இருந்தது. மெதுவாக வீடு திரும்பி, பழைய சக்கரங்களை மாட்டிப் போனோம்.

பிறகு டயர் கடைக்காரர் வேறு ரிம் காட்டினார். “இது உள்ள தள்ளி உட்காரும்க்கா, இடிக்காது.”

“காலி காடியில சொல்லாதீங்க தம்பி. ஆள ஏத்திப் பாப்போம்லா!” என்றேன். எங்கள் ஊரில் காரைக் காடி என்போம்.

அந்த ரிம்மை மாட்டியதும், உரசினால் தடம் தெரியட்டும் என்று, டயருக்கு வெளியிலும் உள்ளிலும் உரசக்கூடிய இடங்களில் சப்பாத்தி மாவை ஒட்டினேன். நாத்தனார்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மேடுபள்ளத்தில் ஓட்டி வந்து பார்த்தால், மாவில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அதே ஆட்கள், அதே மூட்டைகள். மினி சத்தமே இல்லாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் டயர் மாற்றினால் நான் மாவு பிசைகிறேன். என் கணவர் தங்கைகளுக்குப் போன் போடுகிறார்.