ஹால் ஜன்னல் ஃபிரேமில் கறுப்புப் புள்ளிகள்

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வரும் கம்ப்ளெயின்ட், சர்வீஸ் பிரிவில் இருப்பவர்களை மற்ற வேலையையெல்லாம் போட்டுவிட்டு ஓட வைக்கும். யு.பி.வி.சி. பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்து மாட்டும் திருச்சி கம்பெனி ஒன்றில் பல வருஷம் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் நான். திட்டு வாங்குவதுதான் உத்தியோகம், நடுநடுவே ஜன்னலும் சரிபார்ப்பேன்.

ஒரு புதன்கிழமை திருவெறும்பூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் வீட்டுக்கார அம்மா விஜயா. "நீங்க மாட்டின ஹால் ஜன்னல் ஃபிரேம் பொத்தல் பொத்தலா கருகிக் கெடக்கு மேடம். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும். இப்படியே இருந்தா நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே எனக்குப் பயம் கூடியது.

அவர் கணவர் தங்கராசு சார் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸை அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைதான் ஆவணியின் கடைசி முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் புரட்டாசி. அந்த மாதத்தில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஐப்பசி பிறக்கும்வரை கட்டில் பீரோவோடு எங்கே போய் நிற்பார்கள்?

போய்ப் பார்த்தேன். ஃபிரேமின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், ஓரங்கள் உருகியிருந்தன. கண்ணாடியைத் தடவினால் விரலில் நெருடியது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, வெல்டிங் பொறி. கிரில்லை வெளியே செய்து கொண்டுவந்து ஸ்க்ரூ போட்டு மாட்டுவதுதான் முறை. ஃபிரேம் மாட்டிய பிறகு பக்கத்தில் வெல்டிங் வைத்தால் பிளாஸ்டிக் தாங்காது.

"கிரில் வேலை யாரும்மா பார்த்தது?" என்று கேட்டேன். விஜயா அம்மா கணவரைப் பார்த்தார். சார் வாசலில் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிறு அது. பாய்லர் குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் குறை தெரியாத வெல்டிங் வைத்த கை, தன் வீட்டு கிரில்லில் வெளியாளைக் கை வைக்க விடுமா? இந்தப் பக்கத்தில் இப்படி நிறைய பேரை எனக்குத் தெரியும்.

"மெட்டீரியல் மட்டம்னு இவரு சொல்றாரு. மெட்டீரியல் சரியில்லையா, மாட்டினவங்க சரியில்லையா? நீங்களே சொல்லுங்க மேடம்."

எதற்குத் தலையாட்டினாலும் பொய். உண்மையைப் போட்டு உடைத்தால் கட்டிய வீட்டு வாசலிலேயே மனிதருக்குத் தலைகுனிவு. "மெட்டீரியல் நல்லாத்தான் இருக்கும்மா. மாட்டினதும் சரிதான். சூடு பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, பையில் இல்லாத எதையோ தேடினேன்.

கயிற்றை விட்டுவிட்டு சார் உள்ளே வந்தார். "நான்தான் விஜயா. கிரில்லு லேசா ஆடிச்சு. ரெண்டு இடத்துல பத்த வெச்சா நின்னுடும்னு நெனச்சேன். ஒரு ஈரச் சாக்கைக்கூடப் போட்டு மூடல. ஃபேக்டரி ஷாப்ல வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்."

"ஞாயித்துக்கிழமையே தெரியும்" என்றார் அந்த அம்மா. "உங்க சட்டையில பூரா பொத்தல். துவைச்சது நான்தானே? கம்பெனி ஆளு வந்து நின்னாலாவது வாயைத் திறப்பீங்கன்னுதான் போன் பண்ணேன். ஃபிரேம் கருகினா கருகிட்டுப் போகுது. பொய்யைத் தூக்கிக்கிட்டுப் புது வீட்டுக்குள்ள எப்படிங்க வர்றது?" பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கறுப்புப் புள்ளிகளை ஊசியால் குத்திப் பார்த்தேன். பொறி மேல்தோலோடு நின்றிருந்தது. வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தோம், உள்ளே ஒரு சொட்டுகூட வரவில்லை. சுவரை உடைத்து ஃபிரேமை மாற்ற வேண்டியதே இல்லை. மறுநாள் எங்கள் ஆட்கள் வந்து தேய்த்து, குழிகளில் ஃபில்லர் அடைத்து, அது தெரியாமல் மேலே ட்ரிம் பட்டை ஒட்டிக் கண்ணாடியை மாற்றினார்கள். சார் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார், ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

புதிதாக சர்வீஸுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் செய்த தப்பு என்று தெரிந்த உடனே சொல்லிவிடாதீர்கள். செய்தவர் தானாகச் சொல்ல ஒரு நிமிஷம் விடுங்கள். அதற்குள் ஜன்னல் ஒன்றும் ஓடிவிடாது.

வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பால் பொங்கி, எல்லோருக்கும் டம்ளரில் வந்தது. வந்தவர்கள் பூஜை அறையையும் மாடிப்படியையும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கராசு சார் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஹால் ஜன்னலுக்கு இழுத்துப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. "இந்தப் பட்டைக்கு அடியில இருக்கறது பூரா நான் பண்ணின கூத்து" என்றார்.