மூடிப் பிடித்த ஆயர் தொப்பி

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அம்மா பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவது வழக்கமாகிப்போன வருடம் அது. எனக்குப் பத்து வயது. மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். அதற்குள் இரண்டு மடல்களையும் வரைந்தார்.

"இதான் மைட்ரல் வால்வு. பிஷப் தலையில வைக்கிற மைட்டர் தொப்பி மாதிரியே இருக்கும். அம்மாவுக்கு அது சரியா மூட மாட்டேங்குது, ரத்தம் பின்னாடி கசியுது."

அடுத்த வாரமே ஆபரேஷன் என்றதும் அப்பா முகம் வெளிறிப்போனது. நானோ, கடவுள் அம்மாவுக்குள் ஒரு பிஷப்பின், எங்கள் பேச்சில் ஆயரின், தொப்பியை வைத்துத் தைத்திருக்கிறாரே என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிறு, வளர்ந்த பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிசெய்யும் உறுதிப்பூசுதல் கொடுக்க எங்கள் கோயிலுக்கு ஆயர் வந்தார். பீடத்தில் உதவும் பிள்ளைகளில், ஆயர் கழற்றும் தொப்பியை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. வெறுங்கையால் தொடக் கூடாது. தோளில் போர்த்திய வெள்ளைச் சால்வையின் முனைகளுக்குள் கையை விட்டுத்தான் பிடிக்க வேண்டும். பங்குத்தந்தை மூன்று நாள் ஒத்திகை வைத்து எங்கள் உயிரை வாங்கியிருந்தார்.

தொப்பி கைக்கு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முன்னால் ஒரு மடல், பின்னால் ஒரு மடல். மருத்துவர் வரைந்தது அப்படியே. அமுக்கினால் மூடியது, விட்டால் திறந்தது. இனி விடுவேனா? பூசையின் பிற்பாதி முழுக்க இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இறுக்கி மூடியே வைத்திருந்தேன். கை மரத்துப்போயிற்று. நான் விட்டால் அம்மாவுக்குள்ளும் திறந்துகொள்ளும் என்று பயமாக இருந்தது.

கடைசி ஆசீருக்குத் தொப்பி வேண்டி ஆயர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பங்குத்தந்தை பல்லைக் கடித்துக்கொண்டு, குடு என்று முணுமுணுத்தார்.

"அம்மாவுக்கு ஹார்ட்ல இது மூட மாட்டேங்குது ஃபாதர். இன்னும் கொஞ்ச நேரம் நானே மூடிப் பிடிச்சுக்கிறேன்."

அது மைக்குக்கு எட்டவில்லை, ஆயருக்கு எட்டிவிட்டது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வெறுந்தலையோடு பீடத்தின் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு அப்படியே திரும்பி ஜனங்களுக்கு ஆசீர் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்குப் பங்குத்தந்தை என்னைப் பீடத்தின் பக்கமே சேர்க்கவில்லை. அம்மாவின் வால்வைத் தைத்துச் சரிசெய்தார்கள், அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தப் பெருமையில் பாதி மருத்துவருக்கு, பாதி எனக்கு என்று ரொம்ப நாள் பங்கு பிரித்து வைத்திருந்தேன். ஆயருக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. ஜனங்களிடம் பேசும்போது தொப்பி அணிகிற ஆயர், கடவுளிடம் பேசும்போதுதான் அதைக் கழற்றுவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.